கோமெஸின் கணுக்கால்: அடுத்த நாளே அறுவை என்றால் என்ன பொருள்

2019 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் எவர்ட்டன், டாட்டன்ஹாம் கால்பந்து அணிகள் மோதின. 79ஆவது நிமிடத்தில் பந்தோடு ஓடிக்கொண்டிருந்த எவர்ட்டன் நடுக்கள ஆட்டக்காரர் ஆந்த்ரே கோமெஸை, பின்னாலிருந்து சறுக்கி வந்த டாட்டன்ஹாம் ஆட்டக்காரர் சன் ஹியூங்-மின்னின் கால் தடுக்கியது. நிலைதடுமாறிய கோமெஸ், எதிரே வந்த செர்ஜ் ஓரியே மீது மோதி விழுந்தார். எழவில்லை. அவருடைய வலது பாதத்தைப் பார்த்த சன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நடுவர் மார்ட்டின் அட்கின்சன் சன்னுக்கு மஞ்சள் அட்டையை எடுத்து, பிறகு சிவப்பாக மாற்றினார். இரண்டு நாள் கழித்துக் கால்பந்துச் சங்கம் அந்தச் சிவப்பு அட்டையை ரத்து செய்தது.

அந்த வாரம் முழுக்க அட்டையைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு முக்கியமாகப் பட்டது மறுநாள் எவர்ட்டன் வெளியிட்ட சின்ன அறிவிப்பு. வலது கணுக்காலில் எலும்பு முறிவோடு கூடிய மூட்டு விலகல், திங்கட்கிழமையே அறுவை சிகிச்சை, நல்லபடியாக முடிந்தது, முழுமையாகக் குணமடைவார் என எதிர்பார்க்கிறோம். அறுவை நடந்த இடம் அதே நகரின் ஏன்ட்ரி பல்கலைக்கழக மருத்துவமனை, பிரிட்டன் அரசின் பொது மருத்துவச் சேவையைச் சேர்ந்தது. 2020 பிப்ரவரி 23 அன்று லண்டனில் ஆர்சனலுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராகக் கோமெஸ் மீண்டும் களம் இறங்கினார். காயம்பட்டு 112 நாள் ஆகியிருந்தது. ‘அதிசயம்’ என்று எழுதினார்கள். அதில் அதிசயத்தின் பங்கு குறைவு என்பதும், பெரும்பங்கு எந்த விளையாட்டுச் செய்தியாளரும் எழுதாத சலிப்பூட்டும் நடைமுறைகளுக்கு உரியது என்பதும்தான் இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது.

ஒரு நோயாளியின் எக்ஸ்ரேயும் அறுவைக் குறிப்பும் அவருடைய சொந்த விஷயம். ஆட்டக்காரர் என்பதால் அவை பொதுச் சொத்தாகிவிடுவதில்லை. ஆகவே வெளியில் தெரிந்த நாள்களையும் இடங்களையும் மட்டும் சட்டகமாக எடுத்துக்கொண்டு, இவ்வகைக் காயம் எப்படிக் கையாளப்பட வேண்டும் என்பதை அதற்குள் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் மூட்டின் அமைப்பு. கீழ்க்காலில் டிபியா என்ற தடித்த எலும்பும் ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பும் இருக்கின்றன. இரண்டும் கீழே சேரும் இடத்தில், உள்பக்கமும் வெளிப்பக்கமும் நாம் தொட்டு உணரும் இரண்டு கணுக்களாக இறங்குகின்றன. இவை தவிர, கண்ணுக்குத் தெரியாமல் பின்புறம் ஒரு மூன்றாவது கணுவும் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்து அமைக்கும் குழிக்குள், தச்சர் வெட்டிய துளைக்குள் கழுந்து உட்காருவதைப்போல, பாதத்தின் தாலஸ் எலும்பு உட்கார்ந்திருக்கிறது. குழியின் சுவர்களைப் பிடித்து வைத்திருப்பவை தசைநார்கள். டிபியாவையும் ஃபிபுலாவையும் ஒன்றோடொன்று கட்டியிருக்கும் தசைநார்க் கட்டு அவற்றில் மிக முக்கியமானது. பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது உடல் மட்டும் திரும்பினால், அந்த முறுக்கு இந்தக் குழியை ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி வரிசையாக உடைத்துக்கொண்டே போகும். வெளிக்கணு மட்டும் உடைந்து தாலஸ் இடம் மாறாமல் இருந்தால் அது நிலையான முறிவு. பெரும்பாலும் கத்தியே தேவைப்படாது. கணுக்களும் தசைநார்களும் சேர்ந்து போய், தாலஸ் குழியை விட்டே வெளியேறினால், அதுதான் முறிவோடு கூடிய விலகல். கணுக்கால் முறிவுகளின் வரிசையில் இது மோசமான முனை.

அறுவைக்கு முன்னால் வரும் மணி நேரம்

கணுக்கால் முறிவில் ‘எப்போது’ என்று கேட்டால், எல்லோரும் ஆபரேஷன் எப்போது என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். அதற்கு முன்னதாக இன்னொரு ‘எப்போது’ இருக்கிறது. விலகிய மூட்டை இடத்தில் திருப்பி வைப்பது எப்போது?

பாதம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும்போது, மறுபக்கத்துத் தோல் எலும்பு முனையின் மேல் இழுபட்டு விறைத்து நிற்கிறது. அந்த இடத்தில் தோலுக்கு அடியில் கொழுப்போ தசையோ அதிகம் இல்லை. எலும்பு, அதன் மேல் நேராகத் தோல். இழுபட்ட தோல் முதலில் வெளிறும், ரத்த ஓட்டம் நிற்கும், சில மணி நேரத்தில் அழியத் தொடங்கும். பாதத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதே முறுக்கில் நெரிபடுகின்றன. எலும்புக்கு அவசரம் இல்லை, ஒரு வாரம் கழித்தும் அதை நேர்செய்யலாம். அவசரம் தோலுக்குத்தான்.

பிரிட்டிஷ் எலும்பியல் சங்கம் 2016 ஆகஸ்டில் வெளியிட்ட கணுக்கால் முறிவுத் தரநிலை இதைத் தெளிவாகச் சொல்கிறது. பார்த்த மாத்திரத்தில் உருக்குலைந்து தெரியும் கணுக்காலை உடனே இடத்தில் வைத்துக் கட்ட வேண்டும். முன்னதாக எக்ஸ்ரே எடுக்கலாம், ஆனால் அதற்காக ஏற்கத்தகாத தாமதம் ஆகக் கூடாது. எக்ஸ்ரே அறை வாசலில் கோணிய காலோடு ஒருவரை வரிசையில் படுக்கவைத்திருக்கும் மருத்துவமனையில், அறுவை நிபுணர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாதி ஆட்டம் தோற்றாயிற்று.

செய்முறை கடினமானது அல்ல. வலி மருந்தும் லேசான மயக்கமும் கொடுத்து, முழங்காலை மடக்குவார்கள். கெண்டைக்கால் தசையின் இழுப்பு அப்போதுதான் தளரும். ஒருவர் தொடையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குதிகாலைப் பற்றி இழுத்துத் திருப்பினால் தாலஸ் குழிக்குள் போய் விழும். பிறகு மாவுக்கட்டு. சுற்றிக் கட்டியதோடு வேலை முடியவில்லை. காயும்வரை உள்ளங்கையால் அழுத்தி, மூட்டு மீண்டும் நழுவாதபடி வார்க்க வேண்டும். கட்டிய பிறகு மறுபடி எக்ஸ்ரே. பல இடங்களில் கோட்டைவிடுவது இந்தக் கடைசிப் படியில்தான். கட்டுக்குள்ளே மூட்டு அரைகுறையாக விலகியே இருக்கும். வெளியே வெள்ளையாக அழகான கட்டு தெரியும். மறுநாள் காலைதான் யாரோ ஒருவர் படத்தை உற்றுப்பார்ப்பார்.

நம் ஊர்களில் எலும்பு கட்டும் வைத்தியரிடம் முதலில் போகும் வழக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். லிவர்பூலுக்கே அந்த வரலாறு உண்டு. நவீன எலும்பியலின் முன்னோடிகளில் ஒருவராகக் கொண்டாடப்படும் ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸின் ஆங்கில்சீ தீவிலிருந்து வந்த பரம்பரை எலும்பு கட்டும் வைத்தியர் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து அந்தக் கைப்பழக்கத்தை அறிவியலோடு இணைத்தார். ஆனால் விலகிய கணுக்காலை எண்ணெய் தடவி நீவி, வீங்க வீங்க இறுகக் கட்டினால், முதல் நாளிலேயே தோலை இழந்துவிடுவோம். பிறகு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சரிசெய்ய வேண்டியது தோல்தான்.

ஒரு நாள் தவறினால் ஒரு வாரம்

இப்போது அறுவையின் நேரம். கணுக்கால் உடைந்த சில மணி நேரத்தில் வீக்கம் ஏறத் தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்குத் தோலில் கொப்புளங்கள் எழுகின்றன. சிலவற்றில் தெளிந்த நீர், சிலவற்றில் ரத்தம். ரத்தக் கொப்புளம் என்றால் தோல் ஆழமாகவே அடிபட்டிருக்கிறது என்று பொருள். வீங்கிப் பளபளக்கும் தோலை வெட்டித் தகடு பொருத்திவிட்டு மீண்டும் தைத்தால், தையல் சேராமல் வாய்பிளக்கும். உள்ளே உலோகம் தெரியும். கிருமி புகும். எலும்பியல் அறுவையில் அஞ்ச வேண்டிய தொடர்கதை அது.

அதனால் அறுவைக்கு இரண்டே சாளரங்கள். ஒன்று, வீக்கம் முற்றுவதற்கு முன், அதாவது காயம்பட்ட அன்றோ மறுநாளோ. இன்னொன்று, வீக்கம் வடிந்து தோலில் மீண்டும் சுருக்கங்கள் தெரியத் தொடங்கிய பின். இதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும், சில நேரம் அதற்கும் மேல். அந்தச் சுருக்கத்தை விரலால் நீவிப் பார்த்துத்தான் மருத்துவர் நாள் குறிப்பார். நடுவில் உள்ள நாள்கள் யாருக்கும் பயன்படாதவை. இதிலிருந்து வரும் கணக்கை மருத்துவமனை நிர்வாகிகள் பலர் உள்வாங்கிக்கொள்வதில்லை: செவ்வாய்க்கிழமை பட்டியலில் இடம் இல்லை என்று ஒருவரைப் புதன்கிழமைக்குத் தள்ளினால், புதன்கிழமை அவருடைய கால் அறுவைக்குத் தகுதியற்றதாக இருக்கலாம். அவர் அடுத்த புதன்கிழமைக்குப் போய்விடுவார். ஒரு நாள் தாமதம் என்று ஏட்டில் எழுதியது நடப்பில் ஒரு வாரம் ஆகிவிடுகிறது.

இரண்டாம் சாளரமும் முடிவில்லாமல் திறந்திருக்காது. இரண்டு வாரத்தைத் தாண்டினால் முறிவின் இடுக்குகளில் புது எலும்புத் திசு வளரத் தொடங்கும். சுற்றியுள்ள தசையும் நாரும் சுருங்கிவிடும். குறுகிப்போன ஃபிபுலாவைப் பழைய நீளத்துக்கு இழுப்பது போராட்டமாகும். நோயாளி அந்த நாள்களையெல்லாம் படுக்கையிலோ வீட்டிலோ காலை உயர்த்தி வைத்துக்கொண்டு கழிக்கிறார். வேலைக்குப் போவதில்லை. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறையும் ஆபத்தும் கூடிக்கொண்டே போகிறது.

பிரிட்டனில் நைஸ் எனப்படும் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2016இல் வெளியிட்ட முறிவு வழிகாட்டுதலில், கணுக்கால் முறிவுக்கு அறுவை செய்வதென்றால் காயம்பட்ட அன்றோ மறுநாளோ செய்வதைக் கருத்தில் கொள்ளுங்கள் என்று இருக்கிறது. எலும்பியல் சங்கத்தின் தரநிலையும், 60 வயதுக்குக் கீழே உள்ள பெரும்பாலானோருக்கு அதே காலவரம்பைத்தான் வைக்கிறது. கோமெஸுக்கு அப்போது 26 வயது. ஞாயிறு மாலை காயம், திங்கட்கிழமை அறுவை. நட்சத்திரத்துக்குக் கிடைத்த தனிச்சலுகை என்று சிலர் முகம் சுளித்தார்கள். என் பார்வை வேறு. நாட்டின் எந்த 26 வயதுக்காரருக்கும் எழுதிவைத்திருப்பதுதான் அவருக்கு நடந்தது. மைதானத்துக்கு வெளியே படிக்கட்டில் வழுக்கி விழுந்த ஒரு தபால்காரருக்கும் அதே திங்கட்கிழமை கிடைக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அது ஏன் எளிதில் கிடைப்பதில்லை? அறுவை அரங்கின் வரிசையைப் பார்த்தால் புரியும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கு இங்கிலாந்தில் 2010 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது: 36 மணி நேரத்துக்குள் அறுவை செய்வது உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை. அவர்களின் விவரங்களுக்கு 2007இலேயே தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டுவிட்டது. சரியான ஏற்பாடுதான், அந்த முதியவர்களுக்குத் தாமதம் உயிரையே பறிக்கும். ஆனால் கோமெஸ் விழுந்த ஆண்டில் கணுக்காலுக்கு அப்படிப் பணத்தோடு கட்டிய கடிகாரம் இல்லை. இடுப்பு முறிந்த முதியவர் ஒருவர் காலையில் வந்து சேர்ந்தால், நள்ளிரவிலிருந்து சாப்பிடாமல் காத்திருக்கும் கணுக்கால் நோயாளி பட்டியலின் அடிக்குப் போவார். மாலையில் ஒரு செவிலியர் வந்து, இன்று இல்லை, சாப்பிடலாம் என்பார். யார் மீதும் குற்றம் இல்லை. எது அளக்கப்படுகிறதோ அது முதலில் நடக்கிறது.

லிவர்பூலுக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. ஹியூ ஓவன் தாமஸிடம் தொழில் கற்ற ராபர்ட் ஜோன்ஸ், 1888இல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய்த் தோண்டும் பணிக்கு அறுவை மருத்துவப் பொறுப்பாளரானார். 36 மைல் நீளம், ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், நாள்தோறும் நசுங்கிய கைகால்கள். அவர் என்ன செய்தார்? வழி நெடுக முதலுதவி நிலையங்களை வைத்தார், இடைவெளி விட்டு மருத்துவமனைகளை அமைத்தார், வேலைக்காகப் போட்டிருந்த ரயில் பாதையிலேயே காயம்பட்டவர்களை அவற்றுக்குக் கொண்டுசேர்த்தார். விபத்து சிகிச்சையை ஓர் அமைப்பாகத் திட்டமிட்ட முதல் முயற்சிகளில் அது ஒன்று. எந்தக் கருவியும் மருந்தும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. நேரம் மட்டும் மிச்சமானது.

ஒரு மில்லிமீட்டர்

வேகமாகச் செய்தது நன்றாகச் செய்ததாகிவிடாது. மறுநாள் என்றால் இரவு 11 மணிக்குக் களைத்துப்போன இளம் மருத்துவரின் கையில் என்று நான் பொருள்கொள்ளவில்லை. மூட்டு இடத்தில் வைக்கப்பட்டு, தோல் காப்பாற்றப்பட்டிருந்தால், மூடிய முறிவு விடியும்வரை காத்திருக்கலாம். பகல் வெளிச்சத்தில், இந்த மூட்டைப் பழகியவர் இருக்கும் அரங்கில் செய்யலாம். முதல் மணி நேரத்தில் காட்டிய அவசரம்தான் அந்த நிதானத்தை வாங்கித் தருகிறது.

நிதானம் எதற்கு என்றால், இந்த மூட்டு தவறை மன்னிப்பதில்லை. 1976இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் இறந்தவர்களின் கணுக்கால்களில் செய்த சோதனை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தாலஸ் 1 மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக நகர்ந்தால், அதுவும் டிபியாவும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்தது. உடலின் முழு எடையும் பாதி இடத்தில் இறங்கினால், குருத்தெலும்பு சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். இடுப்பிலும் முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது; கணுக்காலில் அது பெரும்பாலும் பழைய காயத்தின் வாரிசு.

அறுவை நிபுணர் முதலில் பார்ப்பது ஃபிபுலாவின் நீளத்தையும் திருப்பத்தையும். அது சரியாக நின்றால் குழியின் வெளிச்சுவர் நிற்கும். அதைத் தகடும் திருகும் கொண்டு பொருத்துவார், உள்கணுவுக்கு இரண்டு திருகுகள். பிறகுதான் சிக்கலான பகுதி: டிபியாவையும் ஃபிபுலாவையும் பிணைக்கும் தசைநார்க் கட்டு அறுந்திருந்தால், இரண்டையும் சரியான இடைவெளியில் நிறுத்திக் குறுக்கே திருகு அல்லது வலுவான இழை போட வேண்டும். எக்ஸ்ரேயில் இது சரியாகத் தெரியும் என்ற நம்பிக்கையை 2006இல் வந்த ஓர் ஆய்வு அசைத்துவிட்டது. இவ்வாறு பொருத்தப்பட்ட 25 பேருக்கு அறுவைக்குப் பின் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 13 பேருக்கு அந்த இடம் சரியாகச் சேரவில்லை. வழக்கமான எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது 6 பேரை மட்டும்தான். ‘அறுவை வெற்றி’ என்று ஏட்டில் எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் அந்த மீதிக் கணக்கில் இருக்கிறார்கள் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

பின்கணு இன்னொரு கதை. அது மூட்டுப் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கோ மூன்றில் ஒரு பங்குக்கோ குறைவாக உடைந்திருந்தால் விட்டுவிடலாம் என்பது நெடுநாள் விதி. அந்த விதியைத் தளர்த்திய ஆய்வுகளில் ஒன்று, கோமெஸ் படுத்திருந்த அதே ஏன்ட்ரி மருத்துவமனையிலிருந்து 2017இல் வந்தது. லிண்டன் மேசனும் சக மருத்துவர்களும் பின்கணு முறிந்தவர்களின் சி.டி. படங்களை ஆராய்ந்து, துண்டின் அளவை விட அது எந்த விசையால் எப்படிப் பிய்ந்தது என்பதே முக்கியம் என்று வகைப்படுத்தினார்கள். மிகச் சிறிய துண்டாகப் பிய்ந்துவரும் முதல் வகையில்தான், எல்லாருக்குமே அந்தத் தசைநார்க் கட்டு சேதமடைந்திருந்தது. படத்தில் கடுகளவு தெரியும் துண்டு, உள்ளே ஒரு பெரிய கட்டு அறுந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். இவ்வகை முறிவுகளுக்கு அறுவைக்கு முன்பே சி.டி. எடுக்கும் பழக்கம் பரவியது இப்படித்தான். எவர்ட்டன் மைதானத்திலிருந்து சில மைல் தொலைவில், பெரிய விபத்துகளுக்கான மையமாகவும் பின்கணுவைப் பற்றிக் கட்டுரை எழுதும் இடமாகவும் ஒரு பொது மருத்துவமனை இருந்ததை அதிர்ஷ்டம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த அதிர்ஷ்டம் அங்கே படுத்த எல்லோருக்கும் பொதுவானது.

தோல் கிழிந்திருந்தால்

2020 அக்டோபர் 11 அன்று டெக்சாஸின் ஆர்லிங்டனில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர் டாக் பிரெஸ்காட்டின் வலது கணுக்காலும் முறிந்து விலகியது. அவருடையது தோலைக் கிழித்த திறந்த முறிவு. அன்றிரவே அறுவை நடந்தது. டிசம்பரில் இன்னோர் அறுவை. 2021 செப்டம்பர் 9 அன்று புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில் திரும்பி வந்து, ஆட்டம் முழுக்கச் சேர்த்து மொத்தம் 403 கஜம் பந்தை வீசினார். நடுவில் ஆட்டமே இல்லாத மாதங்கள் இருந்ததால் அவருடைய 11 மாதத்தைக் கோமெஸின் 112 நாளோடு நேராக ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டியது முதல் இரவை.

திறந்த முறிவின் கடிகாரம் தனி. பிரிட்டிஷ் தரநிலைப்படி, முடிந்தால் காயம்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கை எடுத்து, காயத்தைப் படம் பிடித்து, உப்பு நீரில் நனைத்த துணியால் மூட வேண்டும். ஆளாளுக்குக் கட்டைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பெரும் விசையால் வந்த காயத்தை 12 மணி நேரத்துக்குள்ளும், மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள்ளும் அரங்கில் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். சாணம், சாக்கடை போன்ற அழுக்கு ஏறியிருந்தால் உடனே. 72 மணி நேரத்துக்குள் தோல் மூடப்பட வேண்டும். பல தலைமுறை மருத்துவர்கள் மனப்பாடம் செய்த ‘6 மணி நேர விதி’, 1898இல் ஃபிரெடரிக் என்ற ஜெர்மானியர் சீமைப்பெருச்சாளிகளில் செய்த சோதனையிலிருந்து வந்தது. எத்தனை மணிக்குச் சுத்தம் செய்தார்கள் என்பதை விட, எவ்வளவு நன்றாகச் செய்தார்கள், உடன் யார் இருந்தார்கள் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவரும் ஒரே மேசையில் முதல் நாளிலேயே நிற்க வேண்டும் என்பது இன்றைய கொள்கை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் ராஜசேகரனும் ராஜா சபாபதியும் உருவாக்கிய திறந்த காய மதிப்பெண் முறை இந்தக் கூட்டு வேலையிலிருந்து பிறந்தது. தோலுக்கும் எலும்புக்கும் தசைக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, காலைக் காப்பாற்ற முடியுமா என்று எடைபோடும் அந்த முறை உலக எலும்பியல் இதழ்களில் மேற்கோள் காட்டப்படுகிறது.

கத்தி வேண்டாத கால்

கோமெஸின் கதையை எல்லாக் கால்களுக்கும் நீட்டக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டின் கீத் வில்லெட் தலைமையில், பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில் 60 வயதைத் தாண்டிய 620 பேரை வைத்து நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2016இல் வெளிவந்தது. எல்லோருக்கும் நிலையற்ற கணுக்கால் முறிவு. பாதிப் பேருக்குத் தகடும் திருகும். மறுபாதிக்கு, மயக்கம் கொடுத்து, மிக மெல்லிய பஞ்சு மட்டும் வைத்து, காலோடு ஒட்டினாற்போல் கவனமாக வார்த்த மாவுக்கட்டு. ஆறு மாதம் கழித்து, 100க்கு அளக்கும் கணுக்கால் மதிப்பெண்ணில் (கூடக் கூட நல்லது) அறுவைக்காரர்கள் 66.0, கட்டுக்காரர்கள் 64.5. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். காயத்தில் தொற்று அல்லது தையல் பிளவு அறுவையில் 10 சதவீதம், கட்டில் 1 சதவீதம். மறுபக்கம், எலும்பு கோணலாகச் சேர்ந்தது கட்டில் 15 சதவீதம், அறுவையில் 3 சதவீதம். கட்டுப் போட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பிறகு அறுவைக்கே போக வேண்டியிருந்தது. எதைத் தேர்ந்தாலும் விலை உண்டு. 75 வயதில் காகிதமாக மெலிந்த தோலும் வீட்டுக்குள் மட்டும் நடையும் உள்ள ஒருவருக்கு நான் கட்டைத்தான் பரிந்துரைப்பேன். அதே வயதில் தினமும் வயலுக்குப் போகிறவருக்கு யோசிப்பேன்.

சர்க்கரை நோய் இந்தக் கணக்கில் தனிப் பெருக்கல். கலிஃபோர்னியாவில் கணுக்கால் முறிவு அறுவை செய்துகொண்ட 57,183 பேரின் விவரங்களை அலசிய 2009ஆம் ஆண்டு ஆய்வில், மொத்தத்தில் சிக்கல்கள் குறைவு. காயத் தொற்று 1.44 சதவீதம்தான். அந்தக் குறைந்த சராசரிக்குள் ஆபத்து ஒரு பக்கமாகக் குவிந்திருந்தது: திறந்த முறிவு உள்ளவர்கள், சிக்கல் முற்றிய சர்க்கரை நோயாளிகள், காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்கு வலி எச்சரிக்காது, ஊன்றக் கூடாத காலை அறியாமல் ஊன்றுவார், தகடு உடையும். இவர்களுக்குக் கூடுதல் திருகுகள், நீண்ட கட்டுக் காலம், கண்டிப்பான சர்க்கரைக் கட்டுப்பாடு எல்லாம் முதல் நாளிலேயே திட்டத்தில் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊருக்கு, ஒரு 26 வயது ஆட்டக்காரரின் கணுக்காலை விட இந்தப் பத்தியே அதிகம் பயன்படும்.

அறுவைக்குப் பின்

112 நாள் என்ற எண்ணில் அறுவை எடுத்துக்கொண்டது ஒரு நாள். மீதி நாள்களில் கோமெஸிடம் ஒரு கிளப்பின் முழு மருத்துவக் குழுவும், நீச்சல் குளமும், வேறு எந்த வேலைக்கும் போகத் தேவையில்லாத பகல்களும் இருந்தன. சாதாரண நோயாளிக்கு அந்த நாள்களில் என்ன கிடைக்கிறது என்பதும் தரத்தின் பகுதிதான். ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது என்பது நெடுநாள் வழக்கம். பிரிட்டனின் 23 மருத்துவமனைகளில் 561 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. அறுவை முடிந்து இரண்டு வாரத்திலேயே ஊன்ற அனுமதிக்கப்பட்டவர்கள் நான்கு மாதத்தில் 65.9 மதிப்பெண், ஆறு வாரம் காத்திருந்தவர்கள் 61.2. முன்னதாக ஊன்றியதால் தீங்கு கூடவில்லை. ஊன்றலாம் என்றால் குளியலறைக்குத் தனியாகப் போகலாம், படியேறலாம், உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். தினக்கூலிக்காரருக்கு நான்கு வாரம் என்பது நான்கு வாரக் கூலி. ஆனாலும் பழைய ஆறு வார உத்தரவை அப்படியே அச்சடித்துக் கொடுக்கும் வெளியேற்றச் சீட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

ஆகவே ஒரு மருத்துவமனை தன் கணுக்கால் அறுவைகளைத் தணிக்கை செய்ய நினைத்தால், காயத்திலிருந்து அரங்குவரை ஆன மணி நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. விலகிய மூட்டு எத்தனை நிமிடத்தில் இடத்துக்கு வந்தது, கட்டுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயை அன்றே யார் பார்த்தார், அறுவைக்குப் பின் தாலஸ் எங்கே நிற்கிறது, ஊன்றலாம் என்று எந்த நாளில் சொன்னார்கள், இயன்முறைச் சிகிச்சைக்கான முதல் தேதி எப்போது கொடுக்கப்பட்டது ஆகியவையும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.